புரோ பவுல்: ஆட்டம் போனது, பட்டியல் நிற்கிறது

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் ஒரு செய்தியை இரண்டாம் முறை படித்துப் பார்த்தார்கள். பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் டைலர் ஹன்ட்லி, அந்தப் பருவத்தின் புரோ பவுல் வீரர்களில், அதாவது லீகின் ஆண்டு நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்களில், ஒருவராகிவிட்டார் என்றது செய்தி. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான ஹன்ட்லி, அந்த அணியின் முதல்நிலை குவார்ட்டர்பேக்கே அல்ல. லமார் ஜாக்சனுக்கு முழங்காலில் அடிபட்டதால் நான்கு ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே ஆடும் வாய்ப்பைப் பெற்றவர். பருவம் முழுவதும் சேர்த்து அவர் வீசியது 658 யார்டு. டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) இரண்டு, எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் மூன்று. நட்சத்திர வீரர் என்ற பட்டத்துக்கும் இந்தக் கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது என்பதுதான் வேடிக்கை. புரோ பவுல் என்ற ஆட்டம் உண்மையில் 2022-உடன் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேர்வை நம்பிப் பல கோடி டாலர் சம்பளங்களும் இருக்கின்றன. செய்திகளில் குழப்பம் வருவது இங்கேதான்.

அடிப்படைகள்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். ஏஎஃப்சி, என்எஃப்சி என்ற இரு பிரிவுகளிலும் 16 அணிகள் வீதம் இருக்கின்றன. வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள். பிறகு நாக் அவுட் சுற்றுகள். கடைசியில் இரு பிரிவுகளின் வெற்றியாளர்களும் சூப்பர் பவுலில் மோதுவார்கள்.

களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் நிற்பார்கள். ஆனால் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர், பந்தை உதைக்கும் வேளைகளுக்குத் தனி ஆட்கள். குவார்ட்டர்பேக் பந்தை வீசுபவர், ரிசீவர் பிடிப்பவர், ரன்னிங் பேக் தூக்கிக்கொண்டு ஓடுபவர். லைன்மேன்கள் முன்வரிசையில் முட்டித் தள்ளுபவர்கள். தடுப்பவர்களில் லைன்பேக்கர், கார்னர்பேக், சேஃப்டி என்று வகைகள் உண்டு. பந்து வைத்திருப்பவரை மடக்கித் தரையில் சாய்ப்பது டேக்கிள். குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்கு முன்பே அவரைச் சாய்த்துவிட்டால் அது சேக்.

இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆகவே, ‘சிறந்த வீரர்கள்’ என்று ஒரே வரிசையில் ஆட்களை நிறுத்த முடியாது. ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை இடம் என்று முதலிலேயே பங்கு பிரித்தாக வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் தேர்வுச் சண்டைகளில் பாதி புரிந்துவிடும்.

பட்டம் பிறந்த கதை

1939 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, பிற அணிகளிலிருந்து திரட்டிய நட்சத்திரங்களை எதிர்த்து ஆடி 13-10 என்று வென்றது. அந்த வரிசை இரண்டாம் உலகப் போரால் 1942-உடன் நின்றது. இன்றைய புரோ பவுல் 1951 ஜனவரியில் அதே நகரில் தொடங்கியது. முதல் ஆட்டம் 28-27 என்ற விறுவிறுப்பான கணக்கில் முடிந்தது.

நட்சத்திர ஆட்டத்துக்கு அப்போது இருந்த மதிப்பைக் காட்ட ஒரு சம்பவம் போதும். அது நடந்தது புரோ பவுலில் அல்ல, போட்டி லீகாக இருந்த ஏஎஃப்எல்லின் நட்சத்திர ஆட்டத்தில். 1965 ஜனவரியில் அந்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்தது. அங்கே வந்திறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கேளிக்கை விடுதிகளின் கதவுகள் மூடப்பட்டன. வீரர்கள் கூடிப் பேசி, இந்த ஊரில் ஆட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டது. ஒரு நகரத்தின் மானத்தை அசைக்கும் அளவுக்கு அன்றைய நட்சத்திர ஆட்டம் கனமானதாக இருந்தது. இரு லீகுகளும் 1970-இல் ஒன்றாகின. 1971 ஜனவரியிலிருந்து புரோ பவுல் ஏஎஃப்சிக்கும் என்எஃப்சிக்கும் இடையேயான ஆட்டமாயிற்று.

1980 முதல் 2009 வரை முப்பது ஆண்டுகள் அது ஹொனலுலுவில்தான் நடந்தது. பருவம் முழுவதும் அடிபட்டுக் களைத்தவர்களுக்குக் குடும்பத்தோடு ஹவாய்ப் பயணம் என்றால் யார் மறுப்பார்கள்? ஆட்டத்தைவிடக் கடற்கரையே பல ஆண்டுகள் வீரர்களை வரவழைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆட்டம் ஏன் செத்தது

அமெரிக்க ஃபுட்பாலை அரை வேகத்தில் ஆட முடியாது. கூடைப்பந்தில் தடுப்பைத் தளர்த்தினால் கூடுதலாகப் புள்ளிகள் விழும், பார்ப்பதற்கும் நன்றாகவே இருக்கும். பேஸ்பாலில் பந்து வீசுபவரும் அடிப்பவரும் நேருக்கு நேர் நிற்பதால் விளையாட்டாக ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான். இங்கோ மோதல்தான் ஆட்டம். மோதினால் காயம், மோதாவிட்டால் கேலிக்கூத்து.

லீக் முதலில் விதிகளால் சமாளிக்கப் பார்த்தது. தடுப்பு அணி ஒரே ஓர் அமைப்பில்தான் நிற்க வேண்டும். குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்களைப் பாய விடும் பிளிட்ஸ் கூடாது. உதைக்கப்படும் பந்தைத் தடுக்கப் பாயக் கூடாது. இத்தனை வேலி போட்டும் 2007 பிப்ரவரியில், வாஷிங்டன் அணியின் சேஃப்டி ஷான் டெய்லர் செய்தது இன்றும் பேசப்படுகிறது. பந்தை உதைக்க வேண்டிய பஃபலோ அணியின் பிரையன் மூர்மன், உதைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு ஓடினார். டெய்லர் முழு வேகத்தில் ஓடிவந்து அவரை அப்படியே தூக்கி எறிந்தார். மூர்மன் உடனே எழுந்து நின்றார். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு மெதுவாக ஆடிய மைதானத்தில் ஒருவர் மட்டும் நிஜமாக ஆடினால் எப்படியிருக்கும் என்பதற்கு அந்தச் சில நொடிகள் சாட்சி.

காயத்தின் விலைக்கு டைலர் ஐஃபர்ட் ஓர் உதாரணம். சின்சினாட்டியின் இந்த டைட் எண்ட் (முன்வரிசையில் முட்டவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) 2015 பருவத்தில் 13 டச்டவுன் எடுத்திருந்தார். 2016 ஜனவரியில் நடந்த புரோ பவுலில் கணுக்கால் போயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டங்களையும் இழந்தார். எந்தப் புள்ளிப் பட்டியலிலும் சேராத ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்த விலை இது.

விளைவு, வீரர்கள் தொடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். 2012-இல் 59-41 என்று முடிந்த ஆட்டத்தில் பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். லீகின் ஆணையர் ரோஜர் குடெல் ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று வெளிப்படையாகப் பேசினார். 2014 முதல் மூன்று ஆண்டுகள், பிரிவுகளைக் கலைத்துவிட்டு ஜெர்ரி ரைஸ், டியான் சாண்டர்ஸ் போன்ற முன்னாள் வீரர்கள் ஆள் பொறுக்கும் முறையைப் பரிசோதித்தார்கள். அதுவும் ஒட்டவில்லை. 2022-இல் லாஸ் வேகாஸில் நடந்ததே கடைசி முழு ஆட்டம்.

2023-இலிருந்து ‘புரோ பவுல் கேம்ஸ்’ என்ற திருவிழா நடக்கிறது. ஐம்பது யார்டு களத்தில் ஏழு பேர் கொண்ட அணிகள் ஃபிளாக் ஃபுட்பால் ஆடும். டேக்கிள் கிடையாது, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆள் நின்றுவிட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் கூடவே பந்தைக் குறிபார்த்து வீசுதல், கயிறு இழுத்தல் போன்ற போட்டிகளும் இருந்தன. அவற்றில் பெற்ற புள்ளிகள் இறுதிக் கணக்கில் சேர்ந்தன. வென்ற அணி வீரருக்கு 2024-இல் 88,000 டாலர், தோற்றவருக்கு அதில் பாதி.

ஃபிளாக் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. 1999 பிப்ரவரியில், புரோ பவுல் வாரத்தின் ஒரு பகுதியாக வைகீகி கடற்கரை மணலில் புதுமுக வீரர்களுக்கு ஒரு ஃபிளாக் ஆட்டம் வைத்தார்கள். முதல் பருவத்திலேயே 1,115 யார்டு ஓடியிருந்த நியூ இங்கிலாந்து ரன்னிங் பேக் ராபர்ட் எட்வர்ட்ஸின் முழங்கால் அதில் சிதைந்தது. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அவர் மீண்டும் ஒரு லீக் ஆட்டத்தில் ஆடியது 2002-இல்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்

1995 வரை வீரர்களும் பயிற்சியாளர்களும் மட்டும் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு ரசிகர்களும் சேர்க்கப்பட்டார்கள். மூன்று தரப்புக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு மதிப்பு.

இந்தப் பங்கீட்டின் பொருளைக் கவனிக்க வேண்டும். ரசிகர்கள் லட்சக்கணக்கில் வாக்களிப்பார்கள், ஒருவரே திரும்பத் திரும்பவும் வாக்களிக்கலாம். ஆனால் அத்தனை வாக்கும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான். 32 பயிற்சியாளர் குழுக்களின் தீர்ப்புக்கும் அதே எடை. ஆகவே பெருங்கூட்டமுள்ள அணியின் ரசிகர்கள் மட்டும் நினைத்தால் ஒருவரைப் பட்டியலில் ஏற்றிவிட முடியாது. ரசிகர் வாக்கில் முதலிடம் பிடித்த வீரர் இறுதிப் பட்டியலில் இல்லாமல் போவதற்கும், ‘வாக்கைத் திருடிவிட்டார்கள்’ என்ற கூச்சல் ஆண்டுதோறும் கிளம்புவதற்கும் காரணம் இதுவே.

இன்னொரு குறை நேரம் சார்ந்தது. வழக்கமான பருவம் முடிவதற்கு முன்பே வாக்குப்பதிவு முடிந்துவிடும். கடைசி ஆட்டங்களில் ஒருவர் கொடி நாட்டினாலும் அது கணக்கில் வராது. நாக் அவுட் சுற்றுகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

88 இடங்கள், அதில் உள்ள ஓட்டைகள்

பிரிவுக்கு 44 பேர், மொத்தம் 88. ஒரு பிரிவின் வழக்கமான பங்கீடு இப்படி இருக்கும்:

1. தாக்குதலுக்கு 21: குவார்ட்டர்பேக் 3, ரிசீவர் 4, ரன்னிங் பேக் 3, ஃபுல்பேக் 1, டைட் எண்ட் 2, முன்வரிசை லைன்மேன்கள் 8.
2. தடுப்புக்கு 18: முன்வரிசை 6, வெளி லைன்பேக்கர் 3, உள் லைன்பேக்கர் 2, கார்னர்பேக் 4, சேஃப்டி 3.
3. உதைக்கும் வேளைகளுக்கான சிறப்பு ஆட்கள் 5.

இந்தப் பங்கீடு காகிதத்தில் நியாயமாகத் தெரியும். களத்தில் அப்படியில்லை. ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடி வழி திறந்துவிடும் ஃபுல்பேக் என்ற நிலையைப் பல அணிகள் கைவிட்டே விட்டன. ஆனால் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கைல் யூஸ்செக், 2016 பருவம் தொடங்கி எட்டுப் பருவங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து தேர்வானார். அவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவருக்குப் போட்டியாக நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரிசீவர்களின் நிலையோ நான்கு இடத்துக்கு நாற்பது பேர் முண்டியடிப்பது.

வெளி லைன்பேக்கர் என்ற பெட்டி இதைவிடக் கொடுமையானது. சில அணிகளில் அந்தப் பெயரில் இருப்பவரின் முதல் வேலை குவார்ட்டர்பேக்கைத் துரத்துவது. வேறு அணிகளில் அதே பெயரில் இருப்பவர் பின்னால் நின்று ஓட்டத்தைத் தடுப்பவர், பந்து போகும் வழியை அடைப்பவர். வாக்குச் சீட்டில் இருவரும் ஒரே பெட்டியில். எல்லாரும் முதலில் பார்ப்பது சேக் கணக்கை என்பதால் இரண்டாம் வகையினர் அடிபட்டுப் போகிறார்கள்.

தம்பா பே அணியின் லவான்ட்டே டேவிட் 2013 பருவத்தில் 145 டேக்கிள், 7 சேக், 5 பந்துப் பறிப்பு என்று நாலாபக்கமும் ஆடினார். அசோசியேட்டட் பிரஸ் நடத்தும் ‘ஆல்-புரோ’ தேர்வில், லீகிலேயே மிகச் சிறந்தவர்கள் அடங்கிய முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. அதே பருவத்தின் புரோ பவுல் பட்டியலில் இல்லை. அவர் நின்ற வரிசையில் 19.5 சேக்குடன் ராபர்ட் மேத்திஸ் போன்றவர்கள் நின்றிருந்தார்கள். நாட்டின் உச்சப் பட்டியலில் இடமுண்டு, அதைவிடப் பெரிய பட்டியலில் இடமில்லை. பெட்டியைப் பிரித்தவர்களைத்தான் இதற்குக் குறை சொல்ல வேண்டும்.

மாற்று வீரர்: பட்டியல் வீங்கும் வழி

இனி ஹன்ட்லி விவகாரம். 88 பேருக்குப் பின்னால் ஒவ்வொரு நிலைக்கும் மாற்று வீரர்களின் வரிசை ஒன்று வாக்கு அடிப்படையில் காத்திருக்கும். முன்னால் இருப்பவர் விலகினால் அடுத்தவருக்கு அழைப்பு. விலக மூன்று வழிகள்:

1. சூப்பர் பவுலுக்குப் போவது. 2010-இல் இந்த நிகழ்ச்சியைச் சூப்பர் பவுலுக்கு முன்னே நகர்த்தினார்கள். அன்றிலிருந்து இறுதிப் போட்டிக்குப் போகும் இரண்டு அணிகளின் வீரர்களும் தானாகவே விலக்கு பெறுகிறார்கள். மிகச் சிறந்த அணிகளின் வீரர்கள் இல்லாத நட்சத்திர விழா என்ற வினோதம் அப்போதே தொடங்கிவிட்டது.
2. காயம். மெய்யான காயமும் உண்டு, நாசூக்கான காயமும் உண்டு.
3. வர விருப்பமில்லை என்பது.

2022 பருவத்தில் ஏஎஃப்சியின் முதல் மூன்று குவார்ட்டர்பேக்குகள் பேட்ரிக் மஹோம்ஸ், ஜாஷ் ஆலன், ஜோ பர்ரோ. மஹோம்ஸ் சூப்பர் பவுலுக்குப் போனார். முழங்கையில் காயம் பட்டிருந்த ஆலன் வரவில்லை. அதே வாரம் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் கோல்ஃப் ஆடினார். பர்ரோவும் இல்லை. கடைசியில் வந்த மூவர் டிரெவர் லாரன்ஸ், டெரெக் கார், ஹன்ட்லி. இவர்களில் காரின் நிலைமை ஒரு தனிக் கதை. லாஸ் வேகாஸ் அணி அவரைப் பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது, வெளியே அனுப்பவும் தயாராக இருந்தது. விழாவோ அதே அணியின் மைதானத்தில். தன்னை வேண்டாம் என்ற வீட்டுக்கே சிறப்பு விருந்தினராகப் போய் நின்றார் மனிதர்.

அழைப்பை ஏற்று வரும் மாற்று வீரரும் அதிகாரபூர்வமாகப் புரோ பவுல் வீரரே. விலகிய முதல் வீரரிடமிருந்தும் பட்டம் பறிக்கப்படுவதில்லை. ஆகவே ஓர் இடத்துக்கு இரண்டு பேர், சில வேளைகளில் மூன்று பேர் அந்தப் பட்டத்தைச் சுமப்பார்கள். 2016 ஆட்டத்துக்கான பெயர்கள் 130-ஐத் தாண்டின.

பணக் கணக்கு

ரசிகர்கள் கேலி செய்யும் இந்தப் பட்டியலை அணி நிர்வாகங்கள் ஏன் மிகக் கவனமாகப் பார்க்கின்றன? லீகும் வீரர் சங்கமும் 2020-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் விடை இருக்கிறது.

கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் பங்கிட்டுக்கொள்வது டிராஃப்ட். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அந்த ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் முதல் மூன்று பருவங்களில் கிடைத்த புரோ பவுல் தேர்வுகளைப் பொறுத்தது:

1. இரண்டு அல்லது அதற்கு மேல்: ‘ஃபிரான்சைஸ் டேக்’ தொகை, அதாவது அதே நிலையில் உச்சச் சம்பளம் வாங்கும் ஐந்து பேரை அடிப்படையாகக் கொண்டது.
2. ஒன்று: ‘டிரான்சிஷன் டேக்’ தொகை, உச்சப் பத்துப் பேரை அடிப்படையாகக் கொண்டது.
3. ஒன்றுமில்லை: எத்தனை நேரம் களத்தில் நின்றார் என்பதை வைத்து, இவற்றைவிடக் குறைந்த தொகை.

இரண்டாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை எடுக்கப்பட்டவர்களுக்கும், புரோ பவுல் தேர்வு ஒன்று இருந்தால் நான்காம் ஆண்டுச் சம்பளம் உயர வழி இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனை. முதற்பட்டியலில் வாக்கு வாங்கித் தேர்வானவர்கள் மட்டுமே கணக்கு. மாற்று வீரராக வந்தவருக்கு இந்தப் பலன் கிடையாது. அறிவிப்பு மேடையில் ஒரே பட்டம், சம்பளப் பத்திரத்தில் இரண்டு தரம். ரசிகர்களிடம் சொல்லாத வேறுபாட்டை லீக் தன் கணக்குப் பிள்ளைகளிடம் தெளிவாகவே சொல்லி வைத்திருக்கிறது. ஒரு வீரரைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது அவர் முதலில் தேர்வானவரா, பிறகு அழைக்கப்பட்டவரா என்று பார்ப்பது பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

புகழ்க் கணக்கு

ஒஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள ஃபுட்பால் புகழரங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்ற விவாதம் வரும்போதெல்லாம் ‘இத்தனை முறை புரோ பவுல்’ என்ற வரி முன்னுக்கு வரும். டாம் பிரேடியின் கணக்கு 15, இதுவரை யாரும் தொடாதது. அந்தப் பதினைந்தில் பெரும்பாலானவற்றுக்கு அவர் களமிறங்கவே இல்லை என்பதும் உண்மை.

எதிர்ப்பக்கத்தில் கென் ரைலி. சின்சினாட்டிக்காக 1969 முதல் 1983 வரை ஆடி 65 முறை பந்தைப் பறித்த கார்னர்பேக். ஒருமுறைகூடப் புரோ பவுலுக்குத் தேர்வாகவில்லை. 2023-இல்தான் புகழரங்கத்தில் இடம் கிடைத்தது, அதற்கு மூன்று ஆண்டு முன்பே அவர் இறந்துவிட்டார். பட்டியலில் இல்லை என்பதே அவருக்கு எதிரான வாதமாகப் பல பத்தாண்டுகள் நின்றது.

ஒப்பீட்டுக்கு ஆல்-புரோ சிறந்த அளவுகோல் என்பது என் கருத்து. வாக்களிப்பவர்கள் ஐம்பது விளையாட்டுச் செய்தியாளர்கள். இரு பிரிவுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். முதல் அணியில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக். மாற்று வீரர் என்ற பேச்சே கிடையாது.

ஃபிளாக்கின் பின்னணி

தேர்வு முறைக்கும் இன்றைய நிகழ்ச்சிக்கும் இருக்கும் முரண் கண்ணை உறுத்தும். 88 பேரில் 28 பேர் முன்வரிசை லைன்மேன்கள். முட்டித் தள்ளுவதே தடைசெய்யப்பட்ட ஆட்டத்தில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. தொடக்க ஆண்டுகளில் கயிறாவது இழுத்தார்கள். ஆனாலும் அவர்களைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், சம்பளக் கணக்கு அந்தப் பெயர்களுக்காகக் காத்திருக்கிறது.

லீக் ஃபிளாக்கைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு கணக்கும் உண்டு. 2023 அக்டோபரில், லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பாலைச் சேர்க்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது. 2025 மே மாதம், தங்கள் வீரர்கள் அதில் ஆடலாம் என்று என்எஃப்எல் உரிமையாளர்கள் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஒரு நாட்டின் அணிக்கு ஒரு என்எஃப்எல் அணியிலிருந்து ஒருவர் மட்டுமே போகலாம் என்பது அதில் உள்ள வரம்பு. ஆனால் புரோ பவுலில் பெயர் இருப்பது ஒலிம்பிக் அணியில் எந்த இடத்தையும் வாங்கித் தராது. அமெரிக்காவுக்காகப் பல ஆண்டுகளாக ஃபிளாக் ஆடி உலகப் பட்டம் வென்ற குவார்ட்டர்பேக் டாரெல் டூசெட், என்எஃப்எல் வீரர்கள் வந்தாலே இடம் அவர்களுக்குத்தான் என்று எல்லாரும் முடிவுகட்டுவதை 2024-இலேயே பகிரங்கமாக எதிர்த்தார். அந்த அணிக்கு ரசிகர் வாக்கும் இல்லை, நிலைவாரிப் பங்கீடும் இல்லை. பட்டையை உருவத் தெரிந்தவருக்கும் உருவ விடாமல் ஓடத் தெரிந்தவருக்கும்தான் இடம்.